1-க்கும் -1-க்கும் உள்ள தூரம்: கிட் சோர்ஸில் கைவைக்கும் முன்

பாம்பனில் 3-ஆம் எண் கூண்டு ஏறினால், கரையில் வலை சீர்பார்ப்பவரும் நிமிர்ந்து வானம் பார்ப்பார். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் அதே எண்ணுக்கு அதே பொருள்தான். ஆளுக்கொரு பொருள் வைத்திருந்தால் கூண்டே தேவையில்லை.

மண்டபத்தில் என்னிடம் சி மொழி படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சோர்ஸைத் திறப்பேன். அங்கே ஃபங்ஷன் திருப்பும் எண்ணுக்கு வழக்கம் எளிது: வெற்றி என்றால் 0, பிழை என்றால் எதிர்ம எண். எரர்() என்ற ஃபங்ஷன் செய்தியை அச்சிட்டுவிட்டு, தானே -1 தரும். அதனால் 'ரிட்டர்ன் எரர்(...)' என்று ஒரே வரியில் முடிக்கலாம். இதை விட்டுவிட்டுச் செய்தியைத் தனியாக அச்சிட்டு 1 திருப்புவதுதான் முதல் தவறு. அழைக்கும் இடம் 'பூஜ்யத்துக்குக் கீழா?' என்று மட்டும் பார்த்தால், அந்தப் பிழை வெற்றி வேடத்தில் உள்ளே போய்விடும்.

இதைவிடப் பெரிய தவறு, 'இல்லை' என்பதையும் 'பார்க்கவே முடியவில்லை' என்பதையும் ஒன்றாக்குவது. கூண்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 11-ஆம் எண் புயலின் வேகத்தைச் சொல்வதில்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்ததைச் சொல்கிறது. அந்த நிலைக்கென்றே தனி எண்! கிட்டில், ஒரு கமிட் (பதிந்து வைத்த மாற்றம்) இன்னொன்றுக்கு மூதாதையா என்று கேட்கும் 'மெர்ஜ்-பேஸ் --இஸ்-ஆன்செஸ்டர்' கட்டளையும் அப்படித்தான்: ஆம் என்றால் 0, இல்லை என்றால் 1, பிழை என்றால் வேறு எண். ஃபங்ஷனுக்குள் 1, 0, -1 என மூன்று விடை வரும் இடத்தில் வெறும் 'இஃப்' போட்டால், பூஜ்யம் அல்லாத எதையும் 'ஆம்' என்று எடுக்கும் சி மொழிக்கு -1-உம் 'ஆம்'தான். ஒரு முழுநாள் இதைத் தேடி அலைந்திருக்கிறேன்.

-1 அப்படியே நிரலின் முடிவு எண்ணாக வெளியேறினால், கட்டளையை இயக்கிய ஷெல்லுக்கு அது 255. பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று ஸ்கிரிப்ட்டை ஓட்டித் தேடும் 'பைசெக்ட் ரன்', அந்த ஸ்கிரிப்ட்டின் முடிவு எண்ணாக 125-ஐக் கண்டால் அந்தக் கமிட்டைத் தாண்டிப் போகும். 127-க்கு மேல் கண்டால் தேடலையே நிறுத்திவிடும். ஆகவே வெளியே போகும் எண்ணைச் 'சீராக்குகிறேன்' என்று மாற்றாதீர்கள். அதை நம்பி யாரோ ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள்.

பொது ஃபங்ஷனுக்குள் டை() வேண்டாம். அது செய்தியை அச்சிட்டு, 128 என்ற முடிவு எண்ணுடன் நிரலையே முடித்துவிடும். அழைத்தவருக்குச் சமாளிக்க வழியிருக்காது.

ஃபங்ஷன் திருப்பும் மதிப்பை மாற்றினால், 'கிட் கிரெப்' போட்டு அதன் பெயரைத் தேடி, அழைக்கும் இடம் ஒவ்வொன்றையும் படியுங்கள். டெஸ்டில் 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்' மட்டும் போதாது; 1 வந்தாலும் 128 வந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். எண் முக்கியமான இடத்தில், குறிப்பிட்ட எண்தான் வந்ததா என்று பார்க்கும் 'டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_கோட்' போடுங்கள்.