மார்மன் ஆலயத் திருமணம்: இரண்டு வீட்டாரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் ஆலயங்களுக்கு வெளியே உள்ள புல்தரையில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். நல்ல உடை உடுத்திய ஒரு அப்பாவும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே அவர்கள் மகளுக்குத் திருமணம் நடக்கிறது. அவர்கள் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை, அல்லது இருந்து விலகிவிட்டார்கள். அதனால் வாசலோடு சரி. தாலி கட்டும்போது மட்டும் மண்டபத்துக்கு வெளியே இருங்கள், பந்திக்குக் கூப்பிடுகிறோம் என்று பெற்றவர்களிடம் சொன்னால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதேதான்.

மத நம்பிக்கை சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் 2019க்குப் பிறகு இந்த வருத்தத்தில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியதாகிவிட்டது. அது தெரியாமலோ, தெரிந்தும் பேசாமலோ விடுவதால்தான் பல வீடுகளில் மனக்கசப்பு வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். "மார்மன் சர்ச்சுக்குள் மற்றவர்களை விடமாட்டார்கள்" என்பது தவறு. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடக்கும் சபைக் கூடங்களுக்கு யாரும் போகலாம். கட்டுப்பாடு இருப்பது ஆலயங்களில் மட்டும். அவை வேறு கட்டடங்கள், எண்ணிக்கையிலும் குறைவு. உலகம் முழுக்க 200க்குக் கொஞ்சம் கூடுதலாக இயங்குகின்றன. புதிதாகக் கட்டிய ஆலயத்தைப் பிரதிஷ்டைக்கு முன் சில வாரங்கள் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுவார்கள். பிரதிஷ்டை முடிந்ததும் 'ரெக்கமண்ட்' அட்டை உள்ளவர்கள்தான் உள்ளே போக முடியும்.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியார் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். பர்ஸில் வைக்கிற அளவில் ஒரு சின்ன அட்டை. நுழைந்ததும் ஒரு மேசையில் வெள்ளை உடையில் ஊழியர் ஒருவர் இருப்பார், அவரிடம் காட்ட வேண்டும். அதைப் பெறுவதற்கு முதலில் உள்ளூர்ச் சபைத் தலைவரான பிஷப்பிடம், அப்புறம் அவருக்கு மேலுள்ள தலைவரிடம் தனித்தனியாக நேர்காணல். நம்பிக்கை பற்றிக் கேட்பார்கள், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை முழுமையாகக் காணிக்கை கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள், ஒழுக்கம் பற்றிக் கேட்பார்கள். மது, புகை, காபி, டீ எதுவும் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். திருமணத்தை நேரில் பார்க்க இது மட்டும் போதாது. 'எண்டோமென்ட்' என்ற சடங்கை முன்பே பெற்றிருக்க வேண்டும், அது பெரியவர்களுக்கு உரியது. அதனால் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற பதினைந்து வயதுத் தங்கைக்கும் அக்கா கல்யாணத்தில் உள்ளே இடமில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் "எங்களை வேண்டாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் மேல் கோபப்படுவது முதல் தவறு. யாரை விடுவது என்பது அவர்கள் கையில் இல்லை.

ஆனால் திருமணத்தை எப்படி நடத்துவது என்பது மணமக்கள் கையில் இருக்கிறது. இங்கேதான் இரண்டாவது தவறு. என் கணக்கில் பெரிய தவறும் இதுதான்: பழைய விதியைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது.

பழைய விதி என்ன? அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு ஜோடி முதலில் வெளியே, எல்லோர் முன்னிலையிலும் சட்டப்படி மணந்துகொண்டால், ஆலயத்தில் 'முத்திரிக்க', அதாவது மரணத்துக்குப் பிறகும் தொடரும் பந்தமாக இணைக்கப்பட, ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். விதி சொன்னது அவ்வளவுதான், ஊர் சொன்னது வேறு. வெளியே கல்யாணம் செய்கிறார்கள் என்றாலே "ஆலயத்துக்குப் போகத் தகுதி இல்லாமல் ஏதோ நடந்திருக்கிறது" என்று சபையில் கிசுகிசுப்பார்கள். அம்மா பார்க்கட்டுமே என்று நினைத்த பெண்ணுக்கும் அதே பேச்சு. அதனால் அம்மாவை வெளியே நிறுத்துவதே எளிதான வழியாக இருந்தது.

இதில் வேடிக்கை, அதே காலத்தில் இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் இல்லை. திருமணம் பொதுமக்களுக்குத் திறந்த கதவுகளுடன் நடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் எல்லோர் முன்னிலையிலும் ஒரு திருமணம், பிறகு ஆலயம் என்பது அங்கே வழக்கமாகவே இருந்தது. இந்த ஏற்பாட்டால் அவர்களின் பக்தி குறைந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை.

2019 மே 6 அன்று சபையின் தலைமை அந்த ஒரு வருடக் காத்திருப்பை நீக்கியது. இனி காலையில் தோட்டத்தில் உறவினர் எல்லோர் முன்னிலையிலும் மணந்துகொண்டு, அன்று மாலையோ மறுநாளோ ஆலயத்துக்குப் போகலாம். பிஷப்பே அந்தப் பொதுத் திருமணத்தை நடத்தி வைக்கலாம். எனவே இன்றும் ஒரு ஜோடி ஆலயச் சடங்கு மட்டும் போதும் என்று முடிவெடுத்தால், அது அவர்கள் முடிவு. அதற்கு நியாயமும் உண்டு. அவர்களுக்கு ஆலயத்தில் நடப்பதுதான் கல்யாணம், இருநூறு பேர் முன்னால் ஒன்றை நடத்திவிட்டால் அது வெறும் பின்சேர்க்கையாகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கலாம். சரி, அதை அப்படியே பெற்றோரிடம் சொல்லலாமே. "விதி அப்படி, நாங்கள் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு, பிறகு அவர்களே விசாரித்து உண்மையைத் தெரிந்துகொண்டால், அந்தக் காயம் வெளியே நின்றதைவிட ஆழமானது.

இன்னொரு ஒரு வருட விதி இருக்கிறது, அது மாறவில்லை. புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் எண்டோமென்ட் பெற முடியும். காதலுக்காக மதம் மாறிய பையனின் வீட்டார் இரண்டையும் ஒன்றாக நினைத்து, "விதியை எடுத்துவிட்டார்களே, பிறகு ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்" என்று சண்டைக்குப் போகிறார்கள்.

சட்ட விஷயத்திலும் சறுக்கல் உண்டு. வெளியே மணந்தால் அங்கேயே, அரசு தரும் திருமண லைசென்ஸில் கையெழுத்தாகிவிடும். ஆலயத்தில் அந்தத் திருமணம் நடந்த தேதியையும் இடத்தையும் சொன்னால் போதும். ஆலயத்திலேயே சட்டப்படியும் மணப்பதென்றால் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், அதுவும் ஆலயம் இருக்கிற மாநிலத்தில் வாங்கியதாக. யூட்டா லைசென்ஸோடு பக்கத்து ஐடஹோ மாநில ஆலயத்துக்குப் போனால் செல்லாது.

அழைப்பிதழ் இன்னொரு பொறி. 'இன்ன ஆலயத்தில் முத்திரிக்கப்படுகிறார்கள்' என்று மேலே அழகாக அச்சடித்துவிட்டு, கீழே வரவேற்புக்கு மட்டும் அழைத்திருப்பார்கள். அந்த வேறுபாடு சபைக்காரர்களுக்குப் பார்த்ததுமே புரியும். ஒஹாயோவிலிருந்து வருகிற சித்தப்பாவுக்குப் புரியாது. கேமராவோடு ஆலயக் கதவு வரை வந்து, மேசையில் அட்டை கேட்கும்போதுதான் அவருக்கு விஷயம் தெரியும். பெற்றோருக்கோ அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே, நிச்சயம் ஆன கையோடு, மணமக்களே நேரில் சொல்லிவிட வேண்டும். பிஷப்பையோ சம்பந்தியையோ விட்டுச் சொல்லச் சொல்வது அவமரியாதை.

சபையிலிருந்து விலகிய பெற்றோர் விஷயம் இன்னும் சிக்கல். "ஆறு மாதம் காணிக்கை கட்டுங்கள், ஞாயிறு வாருங்கள், அட்டை வாங்கிவிடலாம்" என்று அன்பாக நெருக்குவார்கள். நேர்காணலில் நம்பிக்கை இருக்கிறதா என்று நேராகவே கேட்பார்கள். மகள் கல்யாணத்துக்காகப் பொய் சொல்லு என்று அப்பாவிடம் கேட்பதற்கு ஒப்பானது இது. அவராகத் திரும்பி வந்தால் வேறு. கேட்கக் கூடாது.

சரி, ஆலயம் மட்டும்தான் என்று முடிவாகிவிட்டது என்றால், காத்திருப்பவர்களை அம்போ என்று விடாதீர்கள். முத்திரிக்கும் சடங்கு சின்னது. மணமக்கள் பலிபீடத்தின் இரு பக்கமும் முழங்காலிட்டுக் கைகோர்ப்பார்கள், எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடிகள் இருக்கும், நடத்தி வைப்பவர் கொஞ்சம் அறிவுரை சொல்வார். ஊர்வலம் இல்லை, அப்பா கைபிடித்து அழைத்துவருவது இல்லை, புகைப்படம் இல்லை. இதை முன்கூட்டியே சொன்னால் வெளியில் இருப்பவரின் கற்பனை கொஞ்சம் அடங்கும். ஆனால் சடங்கு சின்னது என்றாலும் உடை மாற்றுவது, மற்ற ஜோடிகளுக்குப் பின் வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து நேரம் இழுக்கும், அதுவும் சனிக்கிழமைகளில். எத்தனை மணிக்கு, எந்தக் கதவு வழியாக வெளியே வருவீர்கள் என்று சொல்லிவையுங்கள். உள்ளே போகும் உரிமை இருந்தும் துணைக்கு வெளியில் இருக்க முன்வரும் ஒரு அத்தை, ஒரு நண்பர் இருந்தால் பெரிய ஆறுதல். கதவு திறந்ததும் முதல் அணைப்பு பெற்றவர்களுக்கு. புகைப்படக்காரர் கொஞ்சம் பொறுக்கட்டும்.

பிறகு வெளியே எல்லோர் முன்னிலையிலும் மோதிரம் மாற்றிக்கொள்ளும் நிகழ்வை ஒப்புக்கு ஐந்து நிமிடத்தில் முடிப்பதும் தவறுதான். அதில் திருமண உறுதிமொழி போல எதுவும் வரக்கூடாது என்று அறிவுறுத்துகிறார்கள், அதனால் அது சப்பென்று ஆகிவிடலாம். அப்பாவும் அம்மாவும் பேசட்டும், அவர்கள் வழக்கப்படி ஆசீர்வதிக்கட்டும்.

வெளியாருக்கும் சில வார்த்தைகள். பலதார மணத்தை இந்தச் சபை 1890லேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. வரவேற்பில் அதை வைத்து ஜோக் அடித்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சபைக் கூடத்தின் விளையாட்டு அரங்கில், தலைக்கு மேல் கூடைப்பந்து வளையம் தொங்க வரவேற்பு நடந்தாலும் முகம் சுளிக்க வேண்டாம், அங்கே அது சகஜம். ஆச்சரியப்படுத்துகிறேன் என்று ஷாம்பெயின் பாட்டிலோடு போய் நிற்காதீர்கள். சபைக்காரர்களும் அன்றைக்கு "நீங்களும் சேர்ந்துவிட்டால் அடுத்த பிள்ளை கல்யாணத்தை உள்ளே வந்து பார்க்கலாமே" என்று ஆரம்பிக்காமல் இருக்கலாம்.