பிரெஞ்சு கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு படிக்கப் புதிதாக வருகிறவர்களின் நோட்டைப் புரட்டும்போதெல்லாம், என் முதலாண்டு நோட்டில் இருந்த அதே பட்டியல் கண்ணில் படுகிறது: தாப்ல் – மேசை, லீவ்ர் – புத்தகம், வில் – நகரம். எழுத்துப் பிழையும் உச்சரிப்புத் தடுமாற்றமும் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை. இந்தப் பட்டியல் அப்படித் தானாகச் சரியாவதில்லை.

பெயர்ச்சொல்லை மொட்டையாக மனப்பாடம் செய்வது

தமிழில் பொருள் தெரிந்தால் பால் தெரிந்துவிடும். பிரெஞ்சில் பால் பொருளோடு அல்ல, சொல்லோடு ஒட்டியது. ஓர் ஆணைக் குறிக்கும்போதும் 'பெர்சோன்' (ஆள்) என்ற சொல் பெண்பால்தான். ஆகவே 'மேசை ஏன் பெண்பால்?' என்று காரணம் தேடுவதில் பயனில்லை. 'யூன் தாப்ல்' என்று, பாலைக் காட்டும் முன்சொல்லையும் ('ஒரு' என்பதற்கு ஆண்பாலில் 'அன்', பெண்பாலில் 'யூன்') சேர்த்தே வாயில் ஏற்ற வேண்டும்.

இதை அலட்சியம் செய்தால் பிழை ஒன்றோடு நிற்பதில்லை. 'பச்சை மேசை ஒன்று வாங்கினேன். அதைச் சன்னலோரம் வைத்தேன். அது கனமானது' என்பதைப் பிரெஞ்சில் சொல்லும்போது யூன் (ஒன்று), வேர்த் (பச்சை), மீஸ் (வைத்தேன்), எல் (அது), லூர்த் (கனமானது) என ஐந்து இடங்கள் மேசையின் பாலைப் பின்பற்றுகின்றன. பால் தவறினால் ஐந்தும் காதில் விழும்படி தவறும்.

பாரிஸ் சந்தை ஒன்றில் நான் 'அன் லீவ்ர்' தக்காளி கேட்டேன். ஆண்பாலில் லீவ்ர் புத்தகம். பெண்பாலில் அரைக் கிலோ. கடைக்கார அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, 'யூன் லீவ்ர்' என்று நிதானமாகத் திருத்திச் சொல்லியபடியே தராசில் தக்காளியை வைத்தார். நூற்றுக்கணக்கான சொற்களை நான் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பை இன்னொருவர் வீணாகச் செய்வதைப் பார்க்க இன்றும் எனக்குப் பொறுப்பதில்லை.

உயிரொலியில் தொடங்கும் சொற்களில் கூடுதல் கவனம் தேவை. 'பள்ளி' என்பதை 'லெக்கோல்' என்று எழுதி வைத்தால், ஆண்பாலின் 'ல', பெண்பாலின் 'லா' இரண்டுமே உயிரொலிக்கு முன் வெறும் 'ல்' ஆகிவிடுவதால் பால் மறைந்துவிடும். 'யூன் எக்கோல்' என்று எழுதுங்கள். ஈறுகளும் ஓரளவு உதவும்: 'சியோன்' என முடிபவை பெரும்பாலும் பெண்பால், 'ஆஜ்' என முடிபவை பெரும்பாலும் ஆண்பால். ஆனால் பாஜ் (பக்கம்), ப்ளாஜ் (கடற்கரை), இமாஜ் (படம்) மூன்றும் பெண்பால்.

வயதுக்கு 'ஜ சுயி' போடுவது

'ஜ சுயி' என்பது ஆங்கிலத்தின் 'ஐ ஆம்'. ஆங்கிலத்தின் வழியே யோசிப்பதால் வரும் பிழை இது. பிரெஞ்சுக்காரருக்கு வயது உடைமை: 'ஜே வேன்தான்', அதாவது 'என்னிடம் இருபது ஆண்டுகள் உண்டு'. 'எனக்கு இருபது வயது' என்னும் தமிழ் அமைப்பே இதற்கு நெருக்கமானது.

லிப்ரேரி

ஆங்கில 'லைப்ரரி' போல ஒலித்தாலும் இது புத்தகக் கடை. நூலகம் பிப்லியோதேக்.

'து'வா, 'வூ'வா?

'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஐயம் இருந்தால் 'வூ', எதிரில் இருப்பவரே மாற்றச் சொல்லும் வரை.