குளிர்கால வெனிஸ்: கடல் ஏற்றம் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெனிஸில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்யும்: கடல் ஏற்றம் (கடல்நீர் உயர்ந்து ஊருக்குள் வருவது), மூடுபனி, டிசம்பரில் மாலை 4.30 மணிக்கே கவியத் தொடங்கும் இருட்டு. மூன்றையும் முதல் நாள் இரவே பார்த்துவிடலாம். பார்க்காமல் போகிறவர்கள்தான் சான் மார்க்கோ சதுக்கத்தில் நனைந்த ஷூவோடு நிற்கிறார்கள்.

படி 1: தேதி

தண்ணீர் ஏறும் வாய்ப்பு நவம்பர், டிசம்பரில் அதிகம். கூட்டமும் செலவும் குறைவாக இருப்பது ஜனவரி 6-ஆம் தேதிப் பண்டிகை முடிந்த பிறகு, முகமூடித் திருவிழாவான கார்னிவல் தொடங்கும் வரையிலான சில வாரங்கள். ஆனால் அதே வாரங்களில்தான் பல உணவகங்களும் சிறு ஹோட்டல்களும் ஆண்டு விடுமுறை விடும். குறிப்பிட்ட கடை ஒன்றை மனதில் வைத்திருந்தால் திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கார்னிவல் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2027-இல் பிப்ரவரி 9 கடைசி நாள். அந்த இரண்டு வாரமும் அறை வாடகை தாறுமாறாக ஏறும். முகமூடி பார்ப்பதே நோக்கம் என்றால் போகலாம், இல்லையென்றால் தவிர்ப்பது நல்லது. எங்களைக் கேட்டால் நவம்பர் 21-ஐச் சொல்வோம். 1630 கொள்ளைநோயின்போது செய்த வேண்டுதலின் நினைவாக, அன்று கிராண்ட் கனாலின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு, ஊர் மக்கள் சலூத்தே தேவாலயத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப் போவார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் விழா இல்லை அது.

படி 2: தங்குமிடம்

அறை வாடகை எதிர்க்கரைப் பெருநிலத்தில் உள்ள மெஸ்த்ரேயில் குறைவு. ரயிலில் 10 நிமிடம்தான். ஆனாலும் குளிர்காலத்தில் அது பொய்ச் சிக்கனம். பகல் பயணிகள் திரும்பிய பிறகும், காலை 8 மணிக்கு முன்பும்தான் ஊர் அழகு. அந்த இரண்டு நேரத்திலும் நீங்கள் மெஸ்த்ரேயில் இருப்பீர்கள். முதல் முறை போகிறவர்களுக்குக் கன்னரேஜோ பகுதி பொருத்தம்: ரயில் நிலையத்துக்கு அருகில், ஓரளவு சமதளம்.

முன்பதிவுக்கு முன் விடுதியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். படகு நிறுத்தத்திலிருந்து வழியில் எத்தனை பாலம்? அறை தரைத்தளமா? தெருவின் பெயர் என்ன? ஒவ்வொரு பாலமும் ஏறி இறங்கும் படிக்கட்டு. 20 கிலோ சூட்கேஸுக்குச் சக்கரம் இருந்தும் பயனில்லை. தரைத்தள அறையில் ஈர வாடை அடிக்கும். தெருப் பெயர் எதற்கென்றால், இங்கே வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லை, பகுதி முழுவதற்கும் தொடர்ச்சியாக ஓடும். ‘காஸ்தெல்லோ 4000’ என்று மட்டும் எழுதியிருந்தால் இருட்டில் கண்டுபிடிக்க முடியாது.

படி 3: உடை

ஜனவரியில் வெப்பநிலை பெரும்பாலும் 0 முதல் 7 டிகிரிக்குள் இருக்கும். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடற்கழியின் ஈரம் சேர்ந்து குளிர் எலும்புக்குள் இறங்கும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட், கூடவே மப்ளர், கையுறை. உள்ளிடங்களில் சூடு அதிகம் என்பதால் ஒரே தடித்த கோட்டைவிட அடுக்கடுக்காகப் போடுவது வசதி.

ஷூதான் முக்கியம். தண்ணீர் புகாததாக, கணுக்காலை மூடுவதாக, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும். பாலப் படிகளின் விளிம்பில் இஸ்திரியா பகுதியின் வெள்ளைக் கல் பதித்திருப்பார்கள். பல நூற்றாண்டுக் கால்கள் தேய்த்த கல். மூடுபனி படிந்த காலையில் சறுக்கும். விளிம்பை விட்டுப் படியின் உட்பக்கமாகக் கால் வையுங்கள்.

படி 4: வந்து சேர்வது

ரயிலில் வந்தால் ‘வெனிஸியா மெஸ்த்ரே’யில் இறங்கிவிடாதீர்கள்; கடைசி நிலையமான ‘வெனிஸியா சாந்தா லூச்சியா’ வரை வாருங்கள். வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கியிருந்தால் ஏறும் முன் பிளாட்பார இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம். மார்க்கோ போலோ விமான நிலையத்திலிருந்து, வெனிஸில் பேருந்துகள் வந்து நிற்கும் இடமான பியாத்ஸாலே ரோமாவுக்குப் பேருந்து சுமார் 25 நிமிடம். படகில் வந்தால் சான் மார்க்கோ சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்கால இரவில் பெட்டியோடு அந்தப் பயணம் ரசிக்காது.

படி 5: கடல் ஏற்றக் கணிப்பைப் படிப்பது

பெரும்பாலானோர் குழம்புவது இங்கேதான். நகராட்சியின் கடல் ஏற்ற மையம் (செந்த்ரோ மரேயே) அடுத்த சில நாள்களின் உச்ச நேரங்களையும் அளவையும் இணையத்தில் வெளியிடுகிறது. ‘105 செ.மீ.’ என்று இருப்பதைப் பார்த்துத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது 1897-இல் குறித்த பழைய கடல் மட்டத்திலிருந்து எடுக்கும் அளவு. சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடம். அங்கே 80 செ.மீ. தாண்டும்போதுதான் நனையத் தொடங்கும். ஆக 105 என்றால் சதுக்கத்தில் ஏறக்குறைய 25 செ.மீ. தண்ணீர். ரயில் நிலையப் பக்கம் அன்று வறண்டே கிடக்கும். 110-இல் நகரின் சுமார் 12 சதவீதம்தான் நனையும்; 140-இல் பாதிக்கு மேல்.

தண்ணீர் கால்வாய்க் கரையைத் தாண்டி வருவதற்கு முன்பே, சதுக்கத்தின் வடிகால் துளைகள் வழியாகக் கீழிருந்து ஊறி மேலே வரும். முதலில் துளையைச் சுற்றி ஒரு தட்டளவு ஈரம், பிறகு சிறு குட்டை, பிறகு குட்டைகள் ஒன்றுசேரும். அதைக் கண்டால் நகர ஆரம்பியுங்கள்.

2019 நவம்பர் 12-இல் 187 செ.மீ. ஏறியது, 1966-இன் 194-க்கு அடுத்தபடி அதுதான். 2020 அக்டோபர் முதல் மொசே என்னும் தடுப்பு இயங்குகிறது. கடற்கழியின் மூன்று வாய்களிலும் சேர்த்து 78 இரும்புக் கதவுகள். கடல் எழும்போது இவையும் எழும்பி மறிக்கும். பெரிய வெள்ளம் இதனால் அரிதாகிவிட்டது. ஆனால் 110 அளவை எட்டும் என்று கணித்தால்தான் பொதுவாகக் கதவைத் தூக்குவார்கள். எனவே 80-க்கும் 110-க்கும் இடைப்பட்ட ஏற்றம் இன்னமும் ஊருக்குள் வரும், சான் மார்க்கோ நனையும். ‘மொசே வந்துவிட்டதே’ என்று நம்பிப் போகிறவர்கள் மாட்டுவது இந்த இடைவெளியில்தான்.

செய்ய வேண்டியது எளிது. உச்ச நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் சான் மார்க்கோவைத் தவிர்த்துவிடுங்கள். காலை 10.30-க்கு 95 என்றால், முற்பகலில் கன்னரேஜோவும் யூதர் குடியிருப்பான கெத்தோவும்; 1 மணிக்கு மேல் சதுக்கம். போயே ஆக வேண்டுமென்றால் நகராட்சி போடும் உயர் நடைமேடைகள் இருக்கும். வலது பக்கமாக நடங்கள். படம் எடுக்க நின்றால் பின்னால் வருகிற உள்ளூர்க்காரர் திட்டுவார், அது நியாயமும்கூட. தண்ணீருக்குள் இறங்கினால் சுவரை ஒட்டியே நடக்க வேண்டும்: நடைபாதை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தெருவில் விற்கும் பிளாஸ்டிக் உறை பூட்ஸ் சீக்கிரம் கிழியும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஏற்றம் கணித்திருந்தால் கம்பூட்ஸ் வாங்கிவிடுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ வெதுவெதுப்பாக வீசினால் ஏட்ரியாட்டிக் நீரை வடக்கே தள்ளும். அமாவாசை, பௌர்ணமியோடு சேர்ந்தால் ஏற்றம் கூடும். வடகிழக்கிலிருந்து போரா வீசினால் நடுக்கம்தான், ஆனால் வானம் துலக்கமாகிவிடும். அந்த நாளை சான் மார்க்கோ மணிக்கோபுரம் ஏற வைத்துக்கொள்ளுங்கள். சான் ஜோர்ஜோ மஜோரே தீவின் கோபுரத்துக்கும் லிஃப்ட் உண்டு, வரிசை குறைவு, பனி மூடிய ஆல்ப்ஸ் தெரியும். மூடுபனி நாளில் எந்தக் கோபுரத்துக்கும் டிக்கெட் வாங்காதீர்கள்.

படி 6: படகு

வபொரெட்டோ எனப்படும் பொதுப் படகில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. ஒரு நாளில் மூன்று முறை ஏறுவதாக இருந்தால் இரண்டாவதை வாங்குங்கள். ஊருக்குள் மட்டும் சுற்றும் நாளில் எதுவும் வேண்டாம், நடையே போதும். ஏறுவதற்கு முன் சீட்டை நிறுத்தத்திலுள்ள கருவியில் ஒற்ற வேண்டும். தீவுகளை ஒரே நாளில் வைத்துக்கொண்டால் நாள் சீட்டுக்குப் பலன் கிடைக்கும். ஃபொந்தமெந்தே நோவேயிலிருந்து 12-ஆம் எண் படகு முரானோ வழியாக புரானோ போகும், சுமார் 45 நிமிடம். வண்ண வீடுகளுக்கு வெளிச்சம் வேண்டும், காலையிலேயே கிளம்புங்கள். கடும் மூடுபனியிலும் அதிக ஏற்றத்திலும் சில தடங்களை நிறுத்துவார்கள் அல்லது மாற்றுவார்கள். நிறுத்தத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள்.

படி 7: சாப்பாடு

பாக்கரோ என்னும் சிறு மதுக்கடையில் நின்றபடியே சிக்கெத்தி சாப்பிடுவது மலிவு: ரொட்டித் துண்டின் மேல் கருவாட்டுக் காட் மீன் மசியல், கூனைப்பூ, பாலாடைக்கட்டி என்று பலவகை. சைவர்களுக்குக் குளிர்காலம் சாதகம். திரெவீஸோவின் சிவந்த ரதிக்கியோ கீரையும் காளானும் சேர்த்த பொலெந்தா (சோள மாவுக் களி) பல இடங்களில் கிடைக்கும். குழைவான அரிசி உணவான ரிஸோத்தோ கேட்டால் இறைச்சிச் சாறு சேர்த்ததா என்று விசாரியுங்கள்; பெரும்பாலும் சேர்ப்பார்கள். காப்பியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை; சான் மார்க்கோ சதுக்கக் கடைகளில் இசைக்குத் தனிக் கட்டணமும் பில்லில் ஏறும். மதியச் சமையல் 2.30-க்கு மூடினால் இரவு 7 வரை அடுப்பு எரியாது.

படி 8: கிளம்பும் நாள்

அன்று காலை மூடுபனி இருந்தால் விமான நிலையத்துக்குப் படகை நம்பாதீர்கள். பியாத்ஸாலே ரோமா வரை நடந்து போய்ப் பேருந்து பிடியுங்கள். ஏற்றக் கணிப்பும் இருந்தால் உச்ச நேரத்துக்கு முன்பே அறையைக் காலி செய்து, பெட்டியை ரயில் நிலையப் பொருள் காப்பகத்தில் வைத்துவிட்டு மிச்ச நேரத்தைச் சுற்றலாம்.