சிம் ரேசிங் ரிக் வாங்கும் முன் பிரேக் பெடலைப் பாருங்கள்

கணினியில் கார் பந்தயம் ஓட்ட சீட், ஸ்டீயரிங், பெடல் மூன்றையும் தாங்கும் சட்டம்தான் ரிக். அதைப் பார்க்கப் போனால் கண் முதலில் சீட்டின் மேல்தான் விழும். ஆனால் அதிகச் சுமை தாங்கும் பாகம் பெடல் பலகை. அது வளைந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

சாதாரண பெடல் கால் நகர்ந்த தூரத்தை அளக்கும். லோட் செல் பெடல் அழுத்தத்தை அளக்கும். முழு பிரேக்குக்கு 40, 60 கிலோ என்று வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் உண்டு. அந்த விசை பலகையை முன்னே தள்ளும்போது, முதுகு சீட்டின் சாய்வை அதே விசையோடு பின்னே தள்ளுகிறது. சட்டம் நெகிழ்ந்தால் லோட் செல் ஏமாறாது, கால்தான் ஏமாறும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்த நேரத்தில் வளைந்திருந்த பலகை திரும்பி வந்து பாதத்தை உந்தும். அழுத்தம் சீராக இறங்காது, முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பயிற்சி போதவில்லை என்று நினைத்துப் பெடல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

சோதிப்பது எளிது. கைபேசியைத் தரையில் வைத்து வீடியோ ஓடவிட்டு, முழு பலத்தோடு மிதியுங்கள். முதலில் பலகையைப் படம் எடுங்கள், அடுத்து சீட்டின் சாய்வை. அசைவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் அந்த ரிக் லோட் செல்லுக்கு ஆகாது.

அடுத்தது வீல்பேஸ், அதாவது ஸ்டீயரிங்கைப் பூட்டும் மோட்டார் பெட்டி. 8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 30 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் சுமார் ஐந்தரை கிலோ இழுப்பாகும். 20 நியூட்டன் மீட்டர் என்றால் பதின்மூன்றரை கிலோ. தாங்கும் தட்டு ஆடினால் சாலையின் நுண்ணிய அதிர்வுகள் கைக்கு வராமல் தட்டிலேயே கரைந்துவிடும். வீல்பேஸில் போல்ட் ஓட்டைகள் அடியிலா, முன்னாலா, பக்கவாட்டிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரின் விசையைக் கியரோ பெல்ட்டோ கடத்தும் வகை வீலும் சாதாரண பெடலும் இருந்தால் வீல் ஸ்டாண்டோ (சீட் இல்லாத தாங்கி) மடக்கு ரிக்கோ போதும். உருளும் நாற்காலியில் உட்கார்ந்தால் பிரேக் மிதிக்கும்போது நாற்காலி பின்னால் ஓடும். அதைப் பட்டையால் ஸ்டாண்டோடு கட்டிவிடுங்கள். ஸ்டீயரிங் மோட்டாரோடு நேரடியாக இணையும் டைரக்ட் டிரைவ் வகையில் சிறிய வீலுக்கு நல்ல இரும்புக்குழாய் ரிக் ஈடுகொடுக்கும். பெரிய வீலோ கனமான லோட் செல்லோ வருமென்றால் நேராக அலுமினியம் புரொஃபைலுக்கு, அதாவது நீளவாக்கில் பள்ளம் ஓடும் அலுமினியத் துண்டுகளால் ஆன ரிக்குக்குப் போங்கள். இடையில் ஒன்றை வாங்கி மாற்றுவது பணத்துக்குக் கேடு.

புரொஃபைலில் 40×80 மி.மீ. அளவு பெரும்பாலானோருக்குப் போதும். 80 மி.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி அடிச்சட்டத்தைப் போடுங்கள். படுக்கவைத்தால் அதே துண்டு பல மடங்கு எளிதில் வளையும். பூட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் லேசாக முறுக்கி, சமதரையில் வைத்து, இரு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்த பிறகே இறுக்குங்கள். இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்று: போல்ட் நீளம் கூடினால் நுனி பள்ளத்தின் அடியை முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியதுபோல் இருக்கும், ஆனால் பள்ளத்துக்குள் இருக்கும் டி-நட் எதையும் பிடித்திருக்காது. குட்டையான போல்ட் போடுங்கள், அல்லது ஒரு வாஷர் சேருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

சீட்டுக்கு உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தை அளந்து, சீட்டின் உள்ளளவோடு ஒப்பிடுங்கள். சாயும் சீட் வசதிதான், ஆனால் கீலில் கொஞ்சம் நெகிழும்; கடினமான பிரேக்குக்கு அசையாத பக்கெட் சீட்டே நல்லது. தோள் சீட்டில் பட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக் முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். ஒரே ரிக்கில் இருவர் ஓட்டுவதாக இருந்தால் சீட்டுக்கு நகரும் தண்டவாளம் கட்டாயம்.

திரையை ரிக்கோடு பூட்டினால் வீலின் அதிர்வில் படம் நடுங்கும். தனி ஸ்டாண்ட் வையுங்கள். அதை வீல்பேஸுக்குப் பின்னால் ஒட்டிக் கொண்டுவர முடிய வேண்டும். 27 அங்குலத் திரை சுமார் 60 செ.மீ. அகலம், கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்தால் பார்வைக் கோணம் 53 டிகிரி கிடைக்கும், ஒரு மீட்டர் தள்ளினால் 33 டிகிரிதான். ஸ்டாண்டின் கால்கள் ரிக்கின் அடிச்சட்டத்தைத் தாண்டி விரிந்து நிற்கின்றனவா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.