குரூப் பை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டாபேஸிடம் தரவு கேட்டு எழுதும் குவெரியில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் அது உடனே பிழை காட்டும். வரிசைகளை வகை வாரியாகச் சேர்த்துக் கூட்டச் சொல்லும் குரூப் பை தப்பாகப் போனால் எதுவும் காட்டாது. வரிசையாக எண்கள் வரும், பார்வைக்கு நியாயமாகவும் இருக்கும், ரிப்போர்ட்டும் அச்சாகிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைக்கும் மாங்காய் மண்டிக்கும் கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் விவசாயிக்குப் பணம் பட்டுவாடா ஆகிறது.

லோடு என்று ஒரு டேபிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு எடைச்சீட்டுக்கு ஒரு வரிசை: தேதி, விவசாயி, ஊர், ரகம், எடை, கிலோ விலை. எந்த ரகம் எத்தனை டன் வந்தது என்று முதலாளி கேட்கிறார். 'செலக்ட் ரகம், சம்(எடை) ஃப்ரம் லோடு குரூப் பை ரகம்' என்று எழுதுகிறோம். குவெரியில் ஒரு குறையும் இல்லை. குறை, எதை வைத்துப் பிரிக்கிறோமோ அந்தக் கீயில், அதாவது ரகத்தில், இருக்கிறது.

கூழுக்கு அதிகம் போகும் காயை எடைமேடையில் ஒருவர் பெங்களூரா என்று பதிவார். இன்னொருவர் தோத்தாபுரி என்பார். வேறொருவர் கிளிமூக்கு என்று எழுதுவார். மூன்றும் ஒரே காய்தான், ஆனால் டேட்டாபேஸுக்கு அது மூன்று குரூப். விளைவு என்னவென்றால், சீசனில் அதிகம் வந்த ரகம் மூன்றாகச் சிதறி, நீலமோ செந்தூராவோ மேலே வந்து நிற்கும். இதை குவெரிக்குள் கேஸ் வென் போட்டு, இந்தப் பெயர் வந்தால் அந்தப் பெயராக எடுத்துக்கொள் என்று சமாளிப்பது எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்த ரிப்போர்ட்டில் அதை மறந்துவிடுவோம். ரகத்துக்குத் தனி டேபிள், ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு எண், வழக்குப் பெயர்களை அந்த எண்ணோடு இணைக்க இன்னொரு டேபிள். பதிவு செய்கிறவர் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும். குரூப் பை அந்த எண்ணின் மேல் நடக்கட்டும்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தோத்தாபுரியின் முதல் எழுத்தை, கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'த'வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் வழக்கமான அமைப்பில் இரண்டையும் வெவ்வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். மல்கோவாவுக்கும் இதே கதிதான். ரிப்போர்ட்டில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், முதலில் முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இதுதான். யூனிகோடின் என்.எஃப்.சி என்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமித்தால் சரியாகிவிடும். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இதற்கு நார்மலைஸ் இருக்கிறது. போஸ்ட்கிரெஸிலும் 13ஆம் பதிப்பு முதல் நார்மலைஸ் உண்டு. ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' எழுத்தை அடித்திருந்தால் இதுவும் காப்பாற்றாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து.

ஊர்ப் பெயர்களிலும் இதே பாடுதான். தருமபுரி, தர்மபுரி, ஓசூர், ஒசூர். இதை எண் கொடுத்துத் தீர்த்துவிடலாம். எழுத்து மாறாமல் பொருள் மட்டும் மாறுகிற கீதான் அதைவிட மோசம். சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானது. அதிலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி பிரிந்தது. பழைய பதிவுகளில் ஊத்தங்கரையும் தேன்கனிக்கோட்டையும் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். இது தெரியாமல் மாவட்டத்தையும் ஆண்டையும் கீயாக வைத்து நீண்ட காலக் கணக்கு எடுத்தால், 2004இல் தருமபுரியின் சாகுபடிப் பரப்பு திடீரென்று சரிந்ததுபோல வரும். வறட்சியா, விலை வீழ்ச்சியா என்று ஆளாளுக்குக் காரணம் தேடுவார்கள். எல்லை மாறியது என்பதுதான் காரணம். இப்படிப்பட்ட கணக்குக்கு மாவட்டத்தைக் கீயாக வைக்காதீர்கள். கிராமம் வரை இறங்கி, ஒவ்வொரு கிராமத்தையும் இன்றைய மாவட்டத்தோடு இணைத்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள். வட்டம் போதுமே என்று தோன்றும். பின்னாளில் புதிய வட்டங்களும் உருவாகியிருக்கின்றன, அதனால் போதாது.

ஆள் பெயரைக் கீயாக வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் ஒரே ஊரில் எத்தனை முனியப்பன், எத்தனை மாதையன்! இருவர் பணம் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும். விவசாயிக்கு எண் கொடுங்கள்.

அடுத்தது ஜாயின், அதாவது இரண்டு டேபிள்களின் வரிசைகளைப் பொருத்தி இணைப்பது. கணக்கில் பெரிய தொகையாகத் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். 8 டன் லோடு ஒன்று. அதற்கான பணத்தை ஆலை மூன்று தவணையாகக் கொடுத்திருக்கிறது, ஆகவே பட்டுவாடா டேபிளில் மூன்று வரிசை. விவசாயி வாரியாக மொத்த எடையும் மொத்தப் பட்டுவாடாவும் வேண்டும் என்று இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து குரூப் பை போட்டால், லோடு மூன்று வரிசையாகப் பெருகிவிடும். எடை 24 டன் என்று வரும். பணம் சரியாக இருக்கும், எடை மட்டும் தப்பு. பாதி சரியாக இருப்பதால் சந்தேகமே வராது. இதற்குப் பலரும் 'சம்'முக்குள், ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்டைப் போடுகிறார்கள். அது வேறொரு தப்பு: அதே விவசாயி இன்னொரு நாள் கொண்டுவந்த லோடும் 8 டன்னாக இருந்தால், இரண்டும் சேர்ந்து 8 ஆகிவிடும், 16 ஆகாது. சரியான வழி, லோடு டேபிளை விவசாயி வாரியாகத் தனியே கூட்டி, பட்டுவாடாவையும் தனியே கூட்டி, விவசாயிக்கு ஒரு வரிசை என்று ஆன பிறகு இரண்டையும் ஜாயின் செய்வது. ஜாயினுக்கு முன்னால் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது, பின்னால் எதைக் குறிக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நான் இதை ஒவ்வொரு முறையும் செய்யச் சொல்வேன், அனுபவம் உள்ளவர்களையும்தான்.

இடப்பக்க டேபிளின் எல்லா வரிசையையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயினில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. லோடே கொண்டுவராத விவசாயிக்கும் ஒரு வரிசை வரும். அங்கே நட்சத்திரக் குறி போட்டு கவுண்ட் எடுத்தால் 1 என்று வரும். லோடு எண் என்ற நெடுவரிசையை கவுண்ட் செய்தால் 0 வரும். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. குவெரியில் ஒற்றை லோடை வடிகட்டும் நிபந்தனை 'வேர்' என்ற பகுதியில், கூட்டுத்தொகையை வடிகட்டும் நிபந்தனை 'ஹேவிங்' என்ற பகுதியில். இதில் குழப்பம் வேண்டாம்.

குரூப் பையில் இல்லாத நெடுவரிசையை செலக்டில் எழுதுவது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் பழைய பழக்கம். ஊர் வாரியாகக் கூட்டிவிட்டு விவசாயி பெயரையும் கேட்டால், அந்த ஊரின் ஏதோ ஒரு வரிசையிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்துவிடும். 2015இல் வந்த 5.7 பதிப்பு முதல் இதை இயல்பாகவே தடுக்கிறது. பழைய மென்பொருள் ஓட வேண்டும் என்பதற்காக அந்தத் தடையை நீக்கி வைத்திருக்கும் சர்வர்கள் இன்னமும் இருக்கின்றன. நீக்காதீர்கள், குவெரியைத் திருத்துங்கள். இன்னொன்று: பழைய மைஎஸ்க்யூஎல்லில் குரூப் பை போட்டாலே வரிசைப்படுத்தியும் கொடுக்கும். 8.0இல் அது கிடையாது. வரிசை வேண்டுமென்றால் ஆர்டர் பை எழுதத்தான் வேண்டும்.

நாள் வாரிக் கணக்குக்கு வருவோம். பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டி மாதிரி விடிவதற்குள் சரக்கு வந்து இறங்கும் தொழிலில் நேரத்தை யு.டி.சி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்துவிட்டு அப்படியே தேதியைப் பிரித்தால் தொலைந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வந்த லோடெல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் விழும். இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே தேதியைப் பிரிக்க வேண்டும். மாத வாரியாகக் கூட்டும்போது ஆண்டையும் கீயில் சேருங்கள். இல்லையென்றால் 2023 மே மாதமும் 2024 மே மாதமும் ஒரே குரூப்பில் கலந்துவிடும்.

சராசரியும் ஏமாற்றும். 10 டன் லோடு கிலோ 20 ரூபாய்க்கும், 1 டன் லோடு 30 ரூபாய்க்கும் வாங்கியிருந்தால், சராசரி எடுக்கும் ஏவிஜி 25 ரூபாய் என்று சொல்லும். மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுத்தால் கிடைப்பது 20.91. கொள்முதல் விலை என்றால் இரண்டாவதுதான்.

குவெரி எழுதும் எஸ்க்யூஎல்லை விட்டு நிரல் மொழிக்குள் வந்தாலும் குரூப் என்ற பெயர் ஒன்றாக இருக்கும், நடத்தை ஒன்றாக இருக்காது. பைத்தானின் இட்டர்டூல்ஸில் உள்ள 'குரூப்பை' என்ற ஃபங்ஷன், அடுத்தடுத்து வரும் ஒரே கீயை மட்டும்தான் சேர்க்கும். முன்னதாக வரிசைப்படுத்தாவிட்டால் அதே ரகம் திரும்பத் திரும்ப வரும். ஜாவாஸ்கிரிப்டின் 'ஆப்ஜெக்ட் குரூப்பை', சிம்பல் என்ற வகை தவிர எந்தக் கீயையும் எழுத்துச் சரமாக்கிவிடும். எண் 1, எழுத்து '1' இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கே 'மேப் குரூப்பை' பொருத்தம்.

கீ காலியாக இருக்கும் வரிசைகளையும் கவனியுங்கள். எஸ்க்யூஎல்லில், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' எல்லாம் சேர்ந்து ஒரு குரூப்பாக வரும். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் உள்ள 'குரூப்பை' அவற்றை இயல்பாகவே தள்ளிவிடும். ரகம் பதியாத லோடின் எடை கணக்கிலேயே வராது. அதில் டிராப்என்ஏ என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று கொடுத்தால் அவையும் வரும். குரூப் செய்யாமல் மொத்த எடையை ஒரு முறை கூட்டி, குரூப்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால் காலிக் கீயையும், கூடினால் ஜாயினையும் முதலில் சந்தேகப்படலாம். ஒரே காய் மூன்று பெயரில் சிதறியிருப்பதை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்குத் தனித்தனிக் கீகளை வரிசையாக எடுத்து, எடைமேடையில் இருப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.