வீட்டுப் பெரியவர் இளைத்துக்கொண்டே போகிறாரா? கஞ்சியையும் நாற்காலியையும் கவனியுங்கள்

"வயசான காலத்துல எனக்கெதுக்கு இத்தனை சாப்பாடு, ஒரு டம்ளர் கஞ்சி போதும்." மதுரைப் பக்கம் இதைச் சொல்லாத அப்பத்தா அபூர்வம். காய்ச்சலில் விழுந்துவிட்டால் நாமே கஞ்சித்தண்ணியை நீட்டி, அசையாமல் படுக்கச் சொல்கிறோம். சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடந்தால் தசை வேகமாகக் கரையும். அதனால் சாப்பாடு, அசைவு இரண்டையும் சேர்த்தே சரிசெய்யவேண்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

மாதம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்துக்குள் தானாக இரண்டரை கிலோ இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். நிற்க முடியாதவருக்குத் தையல் டேப் போதும். கெண்டைக்காலின் பருத்த இடம் 31 செ.மீ.க்குக் கீழே போனால் தசை குறைந்திருக்கலாம். கால் வீக்கம் இருந்தால் இந்த அளவை நம்பவேண்டாம்.

படி 2: அதே கஞ்சியைக் கெட்டியாக்குங்கள்

வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். நோயில் இளைத்தவருக்கு 1.5 வரைகூடத் தேவைப்படும். 50 கிலோ என்றால் குறைந்தது 50 கிராம். ஒரு பிடி நொய்யில் காய்ச்சிய கஞ்சியில் இருப்பதோ இரண்டு, மூன்று கிராம்தான்.

ஒரு பங்கு நொய்க்கு அரைப் பங்கு வறுத்த பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவிடுங்கள். இறக்கும்போது தண்ணீருக்குப் பதில் பால், மேலே ஒரு ஸ்பூன் நெய். அளவு அதேதான், சத்து பல மடங்கு. இட்லிக்கு நிலக்கடலைச் சட்னி, நடுவில் ஒரு முட்டை (6 கிராம்). ஆட்டுக்கால் சூப் மேல் நம் ஊருக்கு இருக்கிற நம்பிக்கை எனக்கும் தெரியும். ஆனால் வெறும் சூப்பை நம்பி இருக்காதீர்கள், கறியைப் பஞ்சாக வேகவைத்துக் கொத்திக் கொடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்கவேண்டும். பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பது ஆபத்து.

படி 3: உட்கார்ந்து எழுவது

பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உயரம் போதாவிட்டால் ஒரு தலையணை. பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். உடம்பை முன்னால் சாய்த்து எழச் சொல்லுங்கள். உட்காரும்போது 'தொப்' என்று விழாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மெல்ல இறங்கவேண்டும். இந்த இறக்கத்திலும் தொடை நன்றாக வேலை செய்யும். முதலில் காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. பழகியதும் பத்து. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். தலைசுற்றல், நெஞ்சுவலி என்றால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். முடித்ததும் ஒரு டம்ளர் பால்.

படி 4: கொஞ்சம் நடை

நம் ஊர் வெயிலுக்கு விடிகாலைதான் சரி. மதுரை மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டித் தொல்லை இல்லை. தூரம் நடக்க முடியாதவருக்கு வாசல்வரை போய்வந்தாலும் கணக்குதான். பசியும் கொஞ்சம் திறக்கும்.

இத்தனைக்கும் பிறகும் சாப்பாட்டை ஒதுக்கினால் வாயைத் திறந்து பாருங்கள். பல்செட் தளர்ந்திருக்கலாம், ஈறு புண்ணாகியிருக்கலாம். விழுங்கும்போதெல்லாம் இருமினால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு, டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.