சுழலும் துடுப்பில் துகள்களின் விசை: டிஇஎம் கணக்கை எஃப்இஏ-வுக்குக் கொண்டுபோவது எப்படி

ஒரு கலவைத் தொட்டி, நடுவில் கிடைமட்டமாக ஒரு தண்டு, தண்டில் நான்கு துடுப்புகள், தொட்டி நிறையக் குறுணை. துடுப்பு எந்த நிலையில் அதிகமாக வளைகிறது, அதன் அடிப்பகுதியில் தகைவு எவ்வளவு ஏறுகிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. துகள் சிமுலேஷனும் (டிஇஎம், ஒவ்வொரு துகளின் மோதலையும் நகர்வையும் கணக்கிடுவது) தெரியும், எஃப்இஏ-வும் (பாகத்தைச் சிறு உறுப்புகளாகப் பிரித்து அதன் வளைவையும் தகைவையும் கணக்கிடுவது) தெரியும், இரண்டையும் சேர்த்துவிட்டால் முடிந்தது என்றுதான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் ஒரே ஒரு படியில் போனது. அந்தப் படியை (கீழே படி 4) நிதானமாக எழுதியிருக்கிறேன், அவசரமாக இருந்தால் நேரே அங்கே போகலாம்.

டிஇஎம் என்றால் என்ன, மெஷ் (பாகத்தைச் சிறு உறுப்புகளாகப் பிரிக்கும் வலை) போடுவது எப்படி என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு முறையாவது இரண்டையும் தனித்தனியாக ஓட்டியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பயன்படுத்தியவை: துகளுக்கு லிக்த்ஸ், கட்டமைப்புக்குக் கால்குலிக்ஸ், மெஷுக்கு ஜிமெஷ், நடுவில் பைத்தான், பார்ப்பதற்குப் பாராவியூ. எல்லாமே இலவசம். ஈடெம், ராக்கி மாதிரி வணிக மென்பொருள்களில் இந்த இணைப்பு பொத்தானாகவே கிடைக்கும். உங்களிடம் உரிமம் இருந்தால் தாராளமாக அதையே பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு முறையாவது கையால் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பொத்தான் தப்பான விடை தரும்போது எங்கே தேட வேண்டும் என்பது கையால் செய்தவருக்குத்தான் தெரியும்.

படி 1: ஒரு வழியா, இரு வழியா?

துகள்கள் துடுப்பைத் தள்ளுகின்றன, துடுப்பு வளைகிறது. வளைந்த துடுப்பு துகள்களின் ஓட்டத்தை மாற்றுகிறதா என்பதுதான் கேள்வி. மாற்றாது என்றால் டிஇஎம் முழுவதையும் முதலில் ஓட்டி முடித்துவிட்டு, விசைகளை மட்டும் எடுத்து எஃப்இஏ-வுக்குக் கொடுக்கலாம். அது ஒரு வழி. நுனியின் வளைவு துகள் ஆரத்தில் சில சதவீதத்துக்குள் இருந்தால் நான் ஒரு வழியோடு நிறுத்திக்கொள்வேன். எஃகுத் துடுப்பு, எஃகு வாளி எல்லாம் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். ரப்பர் உறை, கன்வேயர் பெல்ட் போன்றவை அடங்காது. அவற்றுக்கு இரு வழி வேண்டும், அதற்கு ப்ரீசைஸ் மாதிரி ஓர் இணைப்பு நூலகத்தைப் பாருங்கள். இங்கே ஒரு வழி மட்டும்தான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. துடுப்பின் முதல் இயல்பு அதிர்வெண், சுமை மாறும் வேகத்தைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு நிலையையும் நிலையான கணக்காகப் போட முடியும். இரண்டும் நெருங்கி வந்தால் காலத்தோடு நகரும் இயக்கவியல் கணக்குதான் போட வேண்டும்.

படி 2: ஒரே மேற்பரப்பு மெஷ்

டிஇஎம்-க்கு ஒரு எஸ்டிஎல் கோப்பு (மேற்பரப்பை முக்கோணங்களாக எழுதும் கோப்பு), எஃப்இஏ-வுக்கு வேறொரு மெஷ், நடுவில் இடைச்செருகல் கணக்கு என்று பல விளக்கங்களில் இருக்கும். என் அபிப்பிராயம்: அதைச் செய்யாதீர்கள். முதலில் எஃப்இஏ மெஷைப் போடுங்கள், அதன் வெளிப்பரப்பு முக்கோணங்களை எஸ்டிஎல்-ஆக எழுதுங்கள், அதையே டிஇஎம்-க்குக் கொடுங்கள். முக்கோணத்துக்கு முக்கோணம் பொருந்திவிடும், இடைச்செருகலே வேண்டாம்.

வரைபட மென்பொருளிலிருந்து நேரே எடுத்த எஸ்டிஎல்-இல் ஒரு தட்டைப் பரப்பு முழுக்க இரண்டே முக்கோணமாக இருக்கும். டிஇஎம்-க்கு அதில் குறையில்லை, துகள் சரியாகவே மோதும். ஆனால் நுனியில் விழுந்த விசையும் அடியில் விழுந்த விசையும் ஒரே முக்கோணக் கணக்கில் சேர்ந்துவிடும், வளைவுத் திருப்புத்திறன் அங்கேயே தொலைந்துபோகும். முக்கோணத்தின் பக்கம் துகள் விட்டத்தை ஒட்டி இருந்தால் நல்லது.

அலகு: எஸ்டிஎல் கோப்பில் அலகே கிடையாது. நான் டிஇஎம்-இல் மீட்டர், எஃப்இஏ-வில் மில்லிமீட்டர் வைத்துக்கொள்கிறேன். மில்லிமீட்டர், நியூட்டன், மெகாபாஸ்கல் என்று போனால் எஃகின் அடர்த்தி 7.85 × 10⁻⁹ டன்/கன மில்லிமீட்டர், புவியீர்ப்பு 9810 மிமீ/வி². விசை இரண்டு பக்கமும் நியூட்டன்தான், முறுக்குவிசைதான் 1000 மடங்கு மாறும்.

படி 3: டிஇஎம் ஓட்டம்

துகளின் விறைப்பைக் குறைத்துவைத்து ஓட்டுவது எல்லோரும் செய்வதுதான், காரணம் கால அடி, அதாவது கணக்கு ஒரு தடவைக்கு முன்னேறும் நேரம். 5 மிமீ ஆரம், 2500 கிலோ/மீ³ அடர்த்தி, பாய்சான் விகிதம் 0.25 உள்ள துகளுக்கு விறைப்புக் குணகம் (ஷியர் மாடுலஸ்) 2 × 10¹⁰ பாஸ்கல் என்றால் ராலே கால அடி (கணக்கு நிலைகுலையாமல் இருப்பதற்கான மேல்வரம்பு) சுமார் 6 மைக்ரோ நொடி, அதில் 20 சதவீதம்தான் நாம் பயன்படுத்துவோம். அதே குணகத்தை 10⁷ ஆகக் குறைத்தால் ராலே அடி 270 மைக்ரோ நொடி, அதாவது 45 மடங்கு வேகம். துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று புகும் ஆழம் சிறியதாக இருக்கும்வரை மொத்த ஓட்டமும் சராசரி விசையும் பெரிதாக மாறாது.

ஆனால் நாம் அடுத்துத் தகைவு கணக்கிடப் போகிறோம், அதனால் இதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். ஒரு கோளம் சுவரில் மோதும்போது உச்ச விசை, ஹெர்ட்ஸ் கணக்குப்படி, குணகத்தின் 0.4 அடுக்கில் போகிறது. 2000 மடங்கு குறைத்தால் உச்ச விசை ஏறக்குறைய 20 மடங்கு குறையும், மோதல் நேரம் அதே அளவு நீளும். மொத்தக் கணத்தாக்கு மாறாது, உச்சம்தான் பொய். ஆகவே மெதுவாகக் கிளறும் துடுப்புக்குக் குறைத்த விறைப்பு சரி. மேலிருந்து பாறை விழும் தகட்டின் மோதல் தகைவை இப்படிக் கணக்கிட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஓட்டத்தில் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் விசையின் மூன்று கூறுகளும் வேண்டும், செங்குத்து அழுத்தம் மட்டும் போதாது, உராய்வு அதில் வராது. அதோடு முக்கோணத்தின் அடையாள எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. 10 மிமீ விட்டமுள்ள 1000 கோளங்களை அசையாத பெட்டியில் கொட்டி அடங்கவிடுங்கள். அடர்த்தி 2500 என்றால் மொத்தம் 1.31 கிலோ. பெட்டியின் எல்லா முக்கோணங்களின் விசையையும் கூட்டினால் கீழ்நோக்கி 12.8 நியூட்டன் வர வேண்டும். மேல்நோக்கி வந்தால் துகள்மீதான விசையை எடுத்திருக்கிறீர்கள், குறியை மாற்றுங்கள்.

படி 4: விசையைத் துடுப்பின் சட்டகத்துக்குத் திருப்புவது

என்னைச் சிக்கவைத்த இடம் இதுதான்.

டிஇஎம்-இல் துடுப்பு சுழல்கிறது. எஃப்இஏ-வில் சுழலாது, மெஷ் எப்போதும் ஆரம்ப நிலையிலேயே நிற்கும். டிஇஎம் தரும் விசையோ உலகச் சட்டகத்தில் (அசையாத அச்சுகளில்), அந்த நொடியில் துடுப்பு இருந்த கோணத்துக்கு உரியது. அதனால் ஒவ்வொரு விசை வெக்டரையும் துடுப்பு சுழன்ற கோணத்துக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். சுழற்சி அணி ஆர் என்றால், விசையை ஆர்-இன் இடமாற்று அணியால் பெருக்க வேண்டும். இவ்வளவுதான் கோட்பாடு.

நான் ஆர்-ஆலேயே பெருக்கினேன்.

அது உடனே தெரிந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் சோதித்தேன். துடுப்பு 0, 90, 180, 270 பாகைகளில் நிற்கும் நான்கு நேரங்களை எடுத்துக் கையால் போட்ட நெம்புகோல் கணக்கோடு வான் மீசஸ் தகைவை (தகைவுக் கூறுகள் எல்லாவற்றையும் குறியில்லாத ஒரே எண்ணாக்குவது) ஒப்பிட்டேன், நான்கும் அழகாகப் பொருந்தின. மொத்த விசையின் அளவும் பொருந்தியது. அதனால் குறை இங்கே இல்லை என்று முடிவுகட்டி, மெஷ், உராய்வுக் குணகம், துகள் அளவு என்று மற்ற எல்லாவற்றையும் பத்து நாள் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு இப்படி. எதிர்த்திசையில் திருப்ப வேண்டியதை அதே திசையில் திருப்பினால் பிழைக் கோணம் இரு மடங்கு. 0 பாகையில் பிழை 0. 180 பாகையில் பிழை 360, அதாவது ஒன்றுமில்லை. 90-இலும் 270-இலும் விசை முழுக்கத் தலைகீழ். ஆனால் நேரியல் கணக்கில் எல்லா விசையும் குறி மாறினால் வான் மீசஸ் மாறாது! என் துடுப்பு தண்டுக்கு இணையான தட்டை, அச்சுத் திசையில் விசை கிட்டத்தட்ட இல்லை, அதனால் சுழற்சியால் மாறாத கூறு ஒன்று மிஞ்சி நின்று காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. 45 பாகையில் பார்த்திருந்தால் விசை 90 பாகை தள்ளி, துடுப்பின் தட்டைப் பக்கத்துக்குப் பதில் விளிம்புப் பக்கமாகத் தள்ளுவது தெரிந்திருக்கும். நான் பார்த்த நான்கு கோணமும் பிழையை மறைக்கும் அதே நான்கு கோணம்.

ஆகவே சோதனையை எப்போதும் 30, 45, 70 மாதிரி கோணங்களில் வையுங்கள். இன்னும் நல்லது, இந்த இரண்டு சோதனைகள்:

ஒன்று, விசையைத் தொடுவதற்கு முன் இடத்தைத் திருப்புங்கள். முக்கோண மையங்களின் நிலையிலிருந்து சுழற்சி மையத்தைக் கழித்து, இடமாற்று அணியால் பெருக்கி, மையத்தை மறுபடி கூட்டினால், தொடக்க எஸ்டிஎல்-இன் மையங்களோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் அணி தப்பு, அல்லது நேரம் தப்பு. பொருந்திய பிறகு அதே அணியை விசைக்குப் போடுங்கள், விசைக்கு மட்டும் மையத்தைக் கழிக்கவோ கூட்டவோ கூடாது.

இரண்டு, தண்டைச் சுற்றிய முறுக்குவிசையைத் திருப்புவதற்கு முன்பும் பின்பும் கணக்கிடுங்கள், குறியோடு. அச்சைச் சுற்றிய சுழற்சியால் அந்த எண் மாறவே கூடாது. நான் அளவை மட்டும் பார்த்துவிட்டு மைனஸ் குறியைக் கவனிக்காமல் விட்டேன்.

புவியீர்ப்பும் திரும்ப வேண்டும். துடுப்பின் சட்டகத்திலிருந்து பார்த்தால் 'கீழே' என்ற திசை சுழன்றுகொண்டே இருக்கிறது. மையவிலக்கு விசை தனி: நிமிடத்துக்கு 30 சுற்றில் 0.3 மீட்டர் ஆரத்தில் முடுக்கம் 3 மீ/வி², விட்டுவிட்டாலும் பெரிதாகக் கெடாது. 300 சுற்று என்றால் அதுவே 100 மடங்கு, விட முடியாது.

பின்சேர்க்கை: ஒரு வாசகர், தன் கணக்கில் இடச் சோதனை எந்தக் கோணத்திலும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். அவர் தொட்டியை நிரப்பி 1 நொடி அடங்கவிட்ட பிறகுதான் சுழற்சியைத் தொடங்கியிருக்கிறார், கோணத்தையோ முழு நேரத்தால் பெருக்கி எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு நானே என் முறையை மாற்றிவிட்டேன். இப்போது கோணத்தை நேரத்திலிருந்து எடுப்பதே இல்லை. தொடக்க மையங்களையும் நகர்ந்த மையங்களையும் கபூஷ் முறைக்கு (இரண்டு புள்ளித் தொகுப்புகளைப் பொருத்தும் சுழற்சியைக் கண்டுபிடிப்பது) கொடுத்தால் சுழற்சி அணி நேராகக் கிடைக்கும், பைத்தானின் சைபை நூலகத்தில் தயாராகவே இருக்கிறது. ஒரே நேரத்தில் நகர்ந்தும் சுழன்றும் போகும் மண்வாரி வாளிக்குக்கூட இது வேலை செய்யும்.

பின்சேர்க்கை 2: பல கோர்களில் ஓட்டினால் கோப்பில் முக்கோணங்களின் வரிசை நேரத்துக்கு நேரம் மாறலாம். அடையாள எண்ணை எழுதச் சொன்னது இதற்குத்தான். எண்ணால் வரிசைப்படுத்திய பிறகே எதையும் தொடங்குங்கள்.

படி 5: சராசரி

ஒரு நொடிப்பொழுதின் விசை மிகவும் சத்தமாக, குதித்துக்கொண்டு இருக்கும். சிறு இடைவெளியில் சராசரி எடுப்பது நல்லது, நான் 5 பாகைக்கு ஒரு சராசரி எடுக்கிறேன். ஆனால் முதலில் திருப்பி, பிறகுதான் சராசரி. துடுப்போடு சேர்ந்து சுழலும் ஒரு விசையை உலகச் சட்டகத்தில் கால் சுற்றுக்குச் சராசரி எடுத்தால் 10 சதவீதம் காணாமல்போகும், அரைச் சுற்று என்றால் 36 சதவீதம்.

படி 6: நோடுகளுக்கு (மெஷ் உறுப்புகளின் புள்ளிகளுக்கு) பிரிப்பது

நேரியல் நான்முகி உறுப்பில் முக்கோணத்தின் விசையை மூன்று மூலைக்கும் சமமாகப் பிரித்தால் போதும். ஆனால் அந்த உறுப்பு வளைவில் செயற்கையாக விறைத்துக்கொள்ளும், துடுப்பு மாதிரி மெல்லிய பாகத்துக்கு நான் அதைத் தொடவே மாட்டேன். பத்து நோடு நான்முகிதான். அதில் சீரான விசைக்கு மூலைகளுக்குப் பூஜ்யம், பக்க நடு நோடு மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வரும். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. எஸ்டிஎல் எழுதும்போது மட்டும் மூலை நோடுகளை வைத்து எழுதுங்கள்.

படி 7: கால்குலிக்ஸ்

5 பாகைக்கு ஒன்றாக 72 நிலைக்கு 72 ஸ்டெப் (சுமைக் கட்டம்), எல்லாம் ஒரே கோப்பில். ஓர் எச்சரிக்கை: நோடு விசைக் கட்டளை இயல்பாக முந்தைய ஸ்டெப்பின் சுமையை வைத்துக்கொள்ளும். போன நிலையில் துகள் தொட்ட நோடு இப்போது பட்டியலில் இல்லை என்றால் பழைய விசை அங்கேயே நிற்கும், தகைவு ஸ்டெப்புக்கு ஸ்டெப் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் சுமை புதிது என்று சொல்லும் 'நியூ' தேர்வைக் கட்டாயம் போடுங்கள்.

ஓடி முடிந்ததும் தகைவு வண்ணப் படத்தைத் திறக்கும் முன், தண்டில் பிடித்துவைத்த நோடுகளின் எதிர்விசையைக் கூட்டுங்கள். படி 4-இல் கிடைத்த மொத்தத் துகள் விசையோடு திருப்பிய துடுப்பின் எடையையும், மையவிலக்கைச் சேர்த்திருந்தால் அதையும் கூட்டி, குறியை மாற்றினால் அதே எண் வர வேண்டும், மூன்று கூறிலும். நான் இதை 72 ஸ்டெப்புக்கும் பைத்தானில் தானாக ஓட விட்டிருக்கிறேன், ஒன்றில் பிசகினாலும் படமே வராது.

அப்புறம் அடிப்பகுதியில் ஒரு புள்ளியை எடுத்து, தகைவுக் கூறுகளைக் கோணத்துக்கு எதிராக வரையுங்கள். களைப்புக் கணக்கு (திரும்பத் திரும்ப வரும் சுமையில் பாகம் எவ்வளவு தாங்கும் என்பது) செய்வதாக இருந்தால் வான் மீசஸ் வேண்டாம், அதில் இழுவையும் அமுக்கமும் ஒன்றாகத் தெரியும். குறியுள்ள முதன்மைத் தகைவை எடுங்கள். எனக்குத் துடுப்பு குறுணைக்குள் முழுகி ஏறும் பகுதியில்தான் உச்சம் வந்தது, அடியில் நேர்க்கீழாக நிற்கும்போது வரும் என்று நான் நினைத்திருந்ததற்கு மாறாக.